குளிர் என்று நினைத்த நடுக்கம்

யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த போர்க்காலம். வீட்டார் யாழ்ப்பாணத்தில்; கண்டியில் தமிழர் நிறுவனமொன்றில் கணக்கெழுதும் லிகிதராக வேலை பார்த்த நான், வாடகை அறையில் தனியே இருந்தேன். கண்டி ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்ட்டில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்கு இரத்தம் ஏற்றினார்கள். பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களைச் சுற்றிச் சனம். என் கட்டிலருகே வெறும் கதிரை.

சற்று நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இரத்தம், குளிராமல் என்ன செய்யும் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். தாதியைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குச் சிங்களம் வராது. அந்த நாட்களில் வார்ட்டில் தமிழில் குரலெழுப்பப் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண்தான் என் நடுக்கத்தைக் கண்டு தாதியை அழைத்தாள். தாதி ஓடிவந்து குழாயை மூடினார். அவர் தமிழர் என்பதே வாய்திறந்தபோதுதான் தெரிந்தது, பேச்சில் மலையகச் சாயல்.

"நடுங்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாங்க? இது குளிர் இல்ல, இந்த ரத்தம் ஒங்களுக்கு ஒத்துக்கல. இன்னும் ஏறியிருந்தா ஆபத்தா போயிருக்கும்."

"ஓம்" என்று தலையாட்டி ஒப்புக்கொண்டேன். அந்த வார்ட்டில் நான் வாய்திறந்து சொன்ன முதல் தமிழ்ச் சொல் அதுதான்.

அடுத்த முறை சிவப்பணுக்களை மட்டும் பிரித்து, கழுவி ஏற்றினார்கள். நடுங்கவில்லை.

என்னைப் பார்க்க இன்றும் யாரும் வருவதில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "எனக்கு முந்தி ரத்தம் ஏத்தேக்க நடுங்கினது" என்று முதலிலேயே தமிழில் சொல்லிவிடுகிறேன். விளங்காவிட்டால் இன்னொருமுறை, சத்தமாக.