குலம் கேட்ட கறுப்பு அலுமாரி

போன கிழமை மருமகன் ஒரு புதுப் போன் வாங்கிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துப் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசம் எழும்பியது பாருங்கள், புது பிளாஸ்டிக்கும் சாமான் உடையாமல் வைக்கிற வெள்ளை ரெஜிபோமும் குளிரும் கலந்த வாசம். குளிருக்கு ஏது வாசம் என்று கேட்பீர்கள். உண்டு. நான் அதற்குள் பல வருசம் வேலை செய்தவள்.

"இந்த வயர் எந்தக் கொம்பனிப் போனுக்கும் சரி மாமி. எல்லாத்துக்கும் பூரும்" என்றார் மருமகன், தானே அதைச் செய்தவர் மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா ஏன் பெட்டியை மணந்து பாத்திட்டுச் சிரிக்கிறா?" என்று மகள் கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் வாய்க்குள் இருக்கிற கதை திரும்பி வயிற்றுக்குள் போய்விடும். முகம் தெரியாத உங்களுக்கு எழுதுவது சுகமாக இருக்கிறது.

யுத்தம் முடிவதற்குச் சில வருசங்களுக்கு முந்திய கதை இது. திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் எங்கள் வீடு. கடலுக்குப் போக இன்ன நேரம், வர இன்ன நேரம் என்று நேவி கட்டுப்பாடு போட்டிருந்தது. பல நாட்கள் போகவே ஏலாது. என் வீட்டுக்காரர் கரையில் குந்தியிருந்து, கிழியாத வலையையும் பொத்துவதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அடுப்பு எரிந்தது என் வேலையில்தான். திருகோணமலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலைக் கொம்பனியில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடும் வேலை. சைக்கிளில் போவேன். வழியில் ஆமிச் சோதனைச் சாவடியில் இறங்கி, ஐடென்டிகாட்டைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, ஏறி, அடுத்த சென்றியில் மறுபடி இறங்கி... போய்ச் சேரும்போது பாதி நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும்.

ஆனால் அங்கே இருந்த கொம்பியூட்டர் அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் குளிர் இருக்கிறதே, அது ராசாத்தி வாழ்வு. ஊரே வேர்த்துக்கொண்டிருக்க, அங்கே மட்டும் ஏசி. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தேத்தண்ணி உள்ளே போகக்கூடாது. அறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு அலுமாரி. அதில் இழுத்தால் வெளியே வரும் சின்னச் சின்ன லாச்சிகள். ஒவ்வொரு லாச்சிக்குள்ளும் ஒரு டிஸ்க், தடிப்பாக வெட்டிய பாண் துண்டு அளவில். எந்தக் கப்பலில் என்ன வந்தது, எந்த மூட்டை எந்தக் கட்டடத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான். லாச்சி ஒவ்வொன்றின் முகத்திலும் மிளகு அளவில் ஒரு பச்சை வெளிச்சம். டிஸ்க்குக்குச் சுகமில்லை என்றால் அது மஞ்சளாகிவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவள் நஸீமா. கிண்ணியாவுக்குப் பக்கத்தில் குறிஞ்சாக்கேணிப் பிள்ளை. அந்தக் காலம் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. தட்டையான மோட்டர்ப் படகில் ஏறி, கடல் வாயைக் கடந்து வருவாள். முக்காட்டில் உப்புத் தூறலோடு வந்து, மிசினுக்கு முன்னால் குந்தினாள் என்றால் வாய் ஓயாது. அவளுடைய வாப்பா படுக்கையில். அந்த வீட்டு அடுப்பும் இந்த அறையால்தான் எரிந்தது. அறைக்குப் பெரியவர் மகாலிங்கம் சேர். நெடுத்த மனுசன், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். சாமி, சாத்திரம் என்று யாரும் வாய் திறந்தால் பிடிக்காது. வெள்ளிக்கிழமைகளில் நான் வெளி அறையில் இருந்த சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவேன். "உந்தப் புகை மிசினுக்குக் கூடாது" என்று அதற்கும் ஒரு சொல் சொல்லுவார்.

ஒரு நாள் அலுமாரியில் ஒரு வெளிச்சம் மஞ்சளாகியது. டிஸ்க் செத்துவிட்டது.

"பயப்பிடாதீங்க அக்கா. ஒண்டு மௌத்தானா மத்ததுகள் தாங்கும். இன்னொண்டும் போச்செண்டாத்தான் எல்லாம் போகும்" என்றாள் நஸீமா.

அது ஆறுதலா, பயமுறுத்தலா என்று எனக்கு விளங்கவில்லை. புது டிஸ்க் கொழும்பிலிருந்து வரவேண்டும். அந்த நாளில் எங்கள் பக்கத்துக்கு ஒரு டோர்ச் பற்றரி வருவதென்றாலே ஆயிரம் கேள்வி. வயரும் சிப்பும் உள்ள சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். அனுமதி, முத்திரை, மறுபடி அனுமதி. டிஸ்க் வழியில் எங்கேயோ மறிபட்டுக் கிடந்தது.

"டவுணில் வாங்கிப் போட்டால் என்ன?" என்று நான்கூட மெல்லக் கேட்டேன். நஸீமா ஏற்கெனவே கடையில் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்திருந்தாள். அலுமாரி கீ கீ என்று கத்தி அதைத் தள்ளிவிட்டதாம். அலுமாரியை ஆட்டிவைக்கும் புரோகிராம், அதைச் செய்த கொம்பனியின் டிஸ்க்கைத் தவிர வேறு எதையும் ஏற்காது.

"இது மிசின் இல்ல அக்கா, மாப்புள பாக்க வந்த மாமி. எந்த ஊரு, எந்தக் குடி, யாருட மகன் எண்டு கேட்டுத்தான் உள்ள எடுக்கும்" என்றாள். அன்று முழுக்க அலுமாரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு.

சிரிப்பு நீடிக்கவில்லை. கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: இப்படிச் சாமான் கொண்டுவர ஏலாத ஊரில் இந்த அறை எதற்கு? மாதம் முடிவதற்குள் அலுமாரி சரிவராவிட்டால் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவோம். அறை போனால் நஸீமாவுக்கு வேலை இல்லை. அறையே இல்லாத இடத்தில் தேத்தண்ணி யாருக்கு? அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வலையை இன்னும் கொஞ்சம் பொத்தினார்.

அதற்குப் பிறகு விடிந்ததும் என் முதல் வேலை அலுமாரியின் வெளிச்சங்களைப் பார்ப்பது. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பச்சை, பச்சை, பச்சை, அந்த ஒன்று மட்டும் மஞ்சள். முத்துமாரி அம்மனுக்கு ஒரு பொங்கல் நேர்ந்தேன். என்ன சொல்லி நேர்வது என்றுதான் தெரியவில்லை. "தாயே, டிஸ்க்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு விளங்கியிருக்கும்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு சீடி வந்தது. அலுமாரி செய்த கொம்பனி தன் புரோகிராமைப் புதுப்பித்திருந்தது. இனிமேல் வேறு கொம்பனிகளின் டிஸ்க்குகளையும் அது எடுக்குமாம். சீடியில் வயரும் இல்லை, பற்றரியும் இல்லை. சென்றியில் சினிமாப் படம் என்று நினைத்து விட்டிருப்பார்கள்.

"அக்கா, மாமிக்கு நல்ல புத்தி வந்திட்டு!" நஸீமா குசினிக்குள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் சீனிப் போத்தல் விழப் பார்த்தது.

"சும்மா குதிக்காதை பிள்ளை. சீடியில எழுதியிருக்கிறதும் அலுமாரி செய்யிறதும் ஒண்டாயிருக்கோணுமே?" என்றார் மகாலிங்கம் சேர்.

முன்பு தள்ளுபட்ட அதே கடை டிஸ்க்கையே மறுபடி எடுத்தார்கள். இன்னொரு தொல்லை வந்தது. அந்த டிஸ்க் பழையதைவிட மெல்லியது. லாச்சிக்குள் லொட லொட என்று ஆடியது. ஆடினால் அதிரும், அதிர்ந்தால் பழுதாகும் என்றார் சேர். நஸீமா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒங்கட வீட்டுக்காரர் வலைக்கு மிதப்புக் கட்ட பாட்டா ரப்பர்ச் செருப்பு வெட்டுவார் எண்டீங்களே? அதுல ரெண்டு துண்டு கொண்டாங்க, அணை குடுப்பம்."

அடுத்த நாள் சென்றியில் ஆமிக்காரத் தம்பி என் பையைத் திறந்து நீலச் செருப்புத் துண்டுகளை எடுத்தான். துண்டுகளைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். என் காலில் செருப்பு முழுதாக இருந்தது. சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்கு வெட்கத்தில் தமிழே வரவில்லை, சிங்களம் எங்கே வரும்? கையால் வலை வீசிக் காட்டினேன். இன்னொரு தரம் வீசச் சொன்னான் என்று நினைக்கிறேன், வீசினேன். பின்னால் வரிசையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

வியாழக்கிழமை பின்னேரம் டிஸ்க்கை லாச்சியில் வைத்து, இரண்டு பக்கமும் செருப்புத் துண்டால் அணை கொடுத்து, உள்ளே தள்ளினாள் நஸீமா. அலுமாரி கத்தவில்லை. வெளிச்சம் பச்சையாக மினுங்கத் தொடங்கியது. மற்ற டிஸ்க்குகளில் இருப்பதைப் பார்த்து இது எழுதிக்கொள்கிறது, விடியும்போது மினுங்கல் நின்று நிலையான பச்சையாகும், மஞ்சளானால் மாமி ஏற்கவில்லை என்று அர்த்தம் என்றாள்.

வெள்ளி காலையில் டவுணில் கரண்ட் இல்லை. டீசல் தட்டுப்பாடு என்பதால் ஜெனரேற்றரில் அலுமாரியும் ஏசியும் மட்டும் ஓடின. மேசைக் கொம்பியூட்டர் எதுவும் எரியவில்லை. ஆகவே எங்களுக்கிருந்த ஒரே சாட்சி அந்த மிளகளவு வெளிச்சம். நான் போனபோது மகாலிங்கம் சேர் எனக்கு முன்னமே வந்து, அலுமாரிக்கு முன்னால் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

எட்டிப் பார்த்தேன். மஞ்சள்.

சேர் வெளி அறைக்குப் போய்க் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார். "ஓம் சேர். சரிவரயில்லை. மஞ்சள்தான்... சரி சேர். திங்கட்கிழமை லொறி வரட்டும்." போனை வைத்தார்.

நஸீமா வந்தாள். விசயத்தைக் கேட்டாள். அழவில்லை, நேரே போய் அந்த லாச்சிக்கு முன்னால் குந்தினாள். குந்தியவள் மூக்கைச் சுருக்கினாள்.

"அக்கா, இதென்ன சந்தன வாசம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை, கற்பூரம், படம் எல்லாம் நான்தானே? இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. முகம் மட்டும் எரிந்தது. பார்ப்பவர்களுக்கு அது கள்ள முகமாகத்தான் தெரிந்திருக்கும்.

நஸீமா முக்காட்டு நுனியால் அந்த வெளிச்சத்தைத் துடைத்தாள்.

பச்சை. அசையாத, நல்ல, இளம் வேப்பங்கொழுந்துப் பச்சை.

அதற்கு மேலே, லாச்சியின் நெற்றியில், ஒரு சந்தனப் பொட்டின் மிச்சம் இருந்தது. குளிருக்குத் தண்ணி விட்டு வடிந்து வெளிச்சத்தை மூடியிருந்தது. "நான்..." என்று நான் தொடங்கவும் மகாலிங்கம் சேர் ஏசியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவவைப் பாக்காதேங்கோ. நான்தான். விடிய வெள்ளண வந்தனான்... புதுச் சாமான் எண்டால் ஒரு பொட்டு வைக்கிறதுதானே?"

"பொட்டு வச்சதும் நீங்க, மஞ்சள் எண்டு மௌத்துச் செய்தி சொன்னதும் நீங்களா சேர்?" என்றாள் நஸீமா.

"வைக்கேக்கை பச்சை மினுங்கினது பிள்ளை. கோயிலுக்கு ஒருக்காப் போயிட்டு வந்து பாத்தன், மஞ்சள்!"

கோயிலுக்கும் போயிருக்கிறார்! நஸீமா தரையில் இருந்து சிரித்தாள். நான் சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் லொறி? சேர் டெலிபோனுக்கு ஓடினார். லைன் கிடைக்கவில்லை. சுழற்றினார், வைத்தார், சுழற்றினார். நஸீமா கதவடியில் கையை ஏந்தித் துஆக் கேட்டாள். நான் அம்மனிடம் "தாயே, லைன்" என்றேன். கிடைத்தது.

"சேர், பச்சை. ஓம், பச்சை... இல்லை சேர், முந்தி மஞ்சள் எண்டது... அது வந்து... என்ர கண்ணில ஒரு சின்னப் பிரச்சினை."

லொறி வரவில்லை. அதற்குப் பிறகு தலைமைக் கந்தோர்ப் பெரியவர் எப்போது பேசினாலும் முதலில் சேரின் கண் சுகம்தான் விசாரிப்பார். சேரும் "இப்ப பரவாயில்லை" என்பார், எங்களைப் பார்க்காமல். பிறகு பிறகு அந்த அலுமாரிக்குள் எத்தனையோ ஊர்ப் பெயர் தெரியாத டிஸ்க்குகள் வந்து குடியேறின. எல்லாவற்றுக்கும் சல்லிச் செருப்பு அணை. பொட்டும் உண்டு, பின் பக்கத்தில். வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது. சென்றிகள் போயின, கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது, என் வீட்டுக்காரர் நினைத்த நேரத்துக்குக் கடலுக்குப் போனார். எந்தச் சாமானும் எங்கிருந்தும் வரலாம் என்ற காலம் வந்தது. வந்த கொஞ்ச நாளில் அந்த லொறியும் வந்தது. எல்லாம் இனிக் கொழும்பிலேயே இருக்குமாம், இங்கிருந்தே பார்க்கலாமாம், அறை தேவையில்லையாம். நஸீமாவுக்கு வேறு கந்தோரில் வேலை கிடைத்துவிட்டது. சேர் ஓய்வு பெற்றுவிட்டார். நானும் முன்போல அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து இருக்கவில்லை. ஆகவே யாரும் அழவில்லை. ஒன்றும் கிடைக்காத காலத்தில் தாக்குப்பிடித்த அறை, எல்லாம் கிடைக்கத் தொடங்கியதும் போய்விட்டது. இப்போது அந்தக் கட்டடம் ஒரு சாப்பாட்டுக் கடை, வெள்ளைக்காரர்கள் இருந்து நண்டு சாப்பிடுகிறார்கள்.

கழற்ற வந்த கொழும்புப் பொடியன்கள் ஒரு லாச்சியை இழுத்தபோது நீலத் துண்டு ஒன்று என் காலடியில் விழுந்தது. ஒரு பக்கத்தில் சந்தனக் கறை.

"இது என்ன ஆன்ட்டி?"

இரண்டு பேர் முகமும் என்னையே பார்த்தன. கதை முழுவதும் தொண்டை வரை வந்தது. வழக்கம்போலத் திரும்பிப் போய்விட்டது. கையால் வலை வீசிக் காட்டினேன். அவர்களுக்கு விளங்கவில்லை.