வெள்ளிக்கம்பி வயர்

என் தாய்மாமா ரேடியோ செட் வைத்திருந்தார். முதுகுளத்தூரைச் சுற்றிய ஊர்களில் கல்யாணமோ காதுகுத்தோ, மரத்து உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவது அவர்தான். செட் வைத்திருந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. ஆனால் மாமாவுக்குக் காது சுத்தம் என்று பேர். பாட்டு லேசாகக் கரகரத்தாலும் எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். அந்தக் காதை நம்பித்தான் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். வீடும் அதில்தான் ஓடியது.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அவருக்குச் செட்டின் மேல் குறை வந்துவிட்டது. அம்மன் பாட்டு ஒன்றின் துவக்கத்தில் சலங்கைச் சத்தம் வரும். அது முன்னே மாதிரி விழவில்லை என்றார். இசைத்தட்டைத் துடைத்தார், ஊசியை மாற்றினார், மனசு ஆறவில்லை. கோளாறு வயரில் இருக்கும் என்று தங்கச்சிமடத்தில் ஒரு வியாபாரி சொல்லியிருக்கிறார். அவரிடமே அதற்கு மருந்தும் இருந்தது. தலைமன்னார் கப்பலில் வந்த சீமை வயர், உள்ளே சுத்த வெள்ளிக்கம்பி.

அதன் விலைக்காக அத்தையின் இரண்டு கிடாக்கள் சந்தைக்குப் போயின. கத்தரிக்காய்க்காரியிடம் கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிற அத்தை, அன்றைக்குக் கேட்ட விலைக்கே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தக் கிடாக்களுக்குத் தழை ஒடித்துப் போட்டவள் நான்.

வயர் ஒரு முழம் இருக்கும். இசைத்தட்டுப் பெட்டியையும் ஆம்பிளிஃபயரையும் இணைப்பது. அதில் அம்புக்குறி போட்டிருந்தது. சத்தம் அந்தத் திசையில்தான் போகுமாம், மாற்றி மாட்டினால் கெட்டுவிடுமாம். பத்து நாள் ஓடினால்தான் வயர் பழகும் என்றும் அந்த வியாபாரி சொல்லி அனுப்பியிருந்தார். புதுமாட்டைப் பழக்குகிற மாதிரி மாமா தினமும் அதைப் பழக்கினார். பதினோராம் நாள் சலங்கை கேட்டுவிட்டது என்றார்.

ஊரும் கேட்டது. டீக்கடைக்காரர் கேட்டார், வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்கவில்லை என்றால் தன் காதில் கோளாறு என்று ஆகிவிடுமே. எனக்கு மட்டும் பழைய வயருக்கும் புதிய வயருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவள் அல்லவா, சும்மா இருக்க முடியுமா?

முளைப்பாரி எடுக்கிற நாள் மத்தியானம் மாமா சாப்பிடப் போனார். செட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்கார வைத்திருந்தார். நான் வெள்ளிக்கம்பியைக் கழற்றிப் பாவாடையில் செருகிக்கொண்டு, கருப்பு அடித்துப்போன பழைய வயரை மாட்டினேன். திரும்பி வந்த மாமா பாட்டைப் போட்டுவிட்டு, கும்மிக்குக் கூடியிருந்த பெண்களையும் ஊர்த் தலைவரையும் பார்த்துச் சொன்னார்.

“கேட்டீகளா? ஒவ்வொரு மணியும் தனித்தனியா விழுகுதா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் புது வயரை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமாவும் கூடவே சிரித்தார். பிறகு என்னருகே குனிந்தார்.

“ஏத்தா, ஒனக்கு இப்பச் சலங்கை கேக்குதா?”

“கேக்குது மாமா.”

“பழைய வயர்லயுமா?”

“அது எப்பவுமே கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு.”

அவர் என்னைத் திட்டவில்லை. குழாயை அண்ணாந்து பார்த்தார். சாயங்காலம் வரை திருகைத் தொடவே இல்லை.

தீபாவளிக்கு முன்னால் செட்டை விற்றுவிட்டார். இருக்கிற மிளகாய்க் கொல்லையே போதும் என்றார். ஏமாந்த வெட்கம் என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சின்ன வயசிலேயே ஒரு புரட்டை உடைத்தவள் என்று பல வருஷம் இந்தக் கதையைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

கல்யாணமாகி நான் ஊருக்கு வந்திருந்த ஒரு முறை, அத்தையிடமும் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்த மாமா எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை.

“குழாய்க்குக் கீழயே கெடந்து, வயர் வாங்குறதுக்கு முந்தின வருசமே ஒங்க மாமனுக்குக் காது மந்தமாயிருச்சு. வெளிய சொன்னா எவன் கூப்புடுவான்? குத்தம் வயர்ல இருக்கணும்னு அவுக வேண்டாத சாமி இல்ல,” என்றாள்.

அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் அவர் என்னிடம் மட்டும் குனிந்து கேட்டார். எனக்கும் கேட்கவில்லை மாமா என்று நான் சொல்லியிருந்தால், இன்னும் ஒரு வருஷமாவது அவர் வேறு வயர் தேடிக்கொண்டிருந்திருப்பார்.