முன் சீட்டில் படுத்துப் பார்த்தேன்

1. வர மாட்டேன் என்றாள்

அந்த வியாழக்கிழமை காலை, காரில் ஏற மாட்டேன் என்று என் மனைவி பாக்கியம் சொல்லிவிட்டாள்.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து அவள் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தையலில் ஓர் ஓரம் மூடாமல் சீழ் கோத்துக்கொண்டது. வாரம் ஒரு முறை டாக்டரே அதைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் மருந்து கட்டுகிற டிரெஸர் மேலோட்டமாக மருந்து வைப்பார், அவ்வளவுதான். “சீழு உள்ளுக்குப் போயிடுச்சுன்னா அப்புறம் என்கிட்ட தூக்கிட்டு வந்து பிரயோசனம் இல்லலா,” என்று அவர் நேராகவே சொல்லியிருந்தார்.

“புண்ணு ஆறிக்கிட்டுத்தான் வருது. நீங்க வேலைக்குப் போங்க,” என்றாள் பாக்கியம்.

நான் கத்தினேன். எனக்குக் கோபம் முதலில் வரும், புத்தி ஆடி அசைந்து பின்னால் வரும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய தம்பி மணியம்தான் என்னை வெளியே இழுத்துப் போனான். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“மச்சான், அக்காவுக்கு ஆஸ்பத்திரின்னா பயம் இல்ல. ஒங்க காடிதான் பயம். அன்னைக்கு வந்து எறங்குனப்ப ஒதட்டக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் கட்டியிருந்துச்சு. பாக்கலயா?”

நான் பார்க்கவில்லை. எழுபதுகளின் கடைசி அது. ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில், கார் குலுங்காமல் தாங்குகிற அப்சோபரும் ஸ்பிரிங்கும் மாற்றுவதுதான் என் வேலை. அதில் பன்னிரண்டு வருடம் ஓட்டியிருந்தேன். ஊரார் கார்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த எனக்கு, சொந்தக் காரைக் கவனிக்க நேரமில்லை. மூன்று கை மாறி என்னிடம் வந்த ஜப்பான் சின்னக் கார் அது. முன் அப்சோபர் இரண்டும் எண்ணெய் கக்கி மாதக்கணக்காகியிருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலு மைல் செம்மண் பாதை. ஒரு குழிக்கு அந்தக் கார் தவளை மாதிரி மூன்று தடவை குதிக்கும். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

2. லயத்து வாசலில் வேலை

அந்த வாரம் டிரெஸர் வைத்த மருந்தோடு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்தேன். மண் இளகலாக இருந்ததால் ஜேக்குக்கு அடியில் பலகை போட்டேன். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கொக்கிகளைப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தேன்.

அப்சோபர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. டயரைக் கழற்ற வேண்டும், பிரேக் எண்ணெய்க் குழாயைப் பிரிக்க வேண்டும், கீழ் போல்ட்டுகளையும் பானெட்டுக்குள் தெரிகிற மூன்று நட்டுகளையும் எடுக்க வேண்டும். அப்சோபர் முழுசாக ஸ்பிரிங்கோடு கையில் வந்துவிடும். அதன் பிறகுதான் கவனம் வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டாமல் நடு நட்டைக் கழற்றினால் அது ஆளை அடித்துவிடும். இதை மட்டும் அவசரமாகச் செய்யாதீர்கள்.

பாக்கியம் வாசலில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய அப்சோபர் தண்டை நான் ஒரு விரலால் அமுக்கிக் காட்டினேன். உள்ளே போனது, திரும்பி எழவே இல்லை.

“இதுவா என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது?” என்றாள்.

“இதேதான்.”

“பாவம், அதுக்கும் முடியல,” என்று சிரிக்கப் போனவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

நான் வாங்கி வந்திருந்தது ஹெவி டியூட்டி அப்சோபர். தோட்டத்துப் பாதைக்கு, பாரம் ஏற்றும் வண்டிக்கு என்று கேட்டு வாங்குகிற சாமான். மனைவிக்கு என்று வரும்போது கடையில் இருப்பதிலேயே கெட்டியானதைத்தானே கை தேடும்? இரண்டு பக்கமும் மாட்டி முடிக்கையில் சாயங்காலம் ஆகிவிட்டது. ஸ்பானர் நழுவி என் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. மணியம் பானெட்டு மூலையில் ஏறி உட்கார்ந்தே பார்த்தான். கார் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாக்கியம் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை முன் சீட்டைச் சாய்த்து அவளைப் படுக்க வைத்து ஓட்டிப் போனேன். வழியில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் “நல்லாருக்குங்க” என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளை நர்ஸிடம் விட்டுவிட்டு வந்து சீட்டைத் தட்டும்போது அவளுடைய துண்டு கிடைத்தது. ஒரு முனை ஈரமாகக் கசங்கியிருந்தது. விரித்தால் பல் தடம்.

காருக்குள்ளேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

3. மணியம் ஓட்ட, நான் படுத்தேன்

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் சாவியை மணியத்திடம் கொடுத்தேன்.

“நீ ஓட்டு. நான் அக்கா படுக்கிற எடத்துல படுத்துக்கிறேன்.”

“கிறுக்குப் புடிச்சிருக்கா மச்சான்?” என்றபடியே ஏறினான்.

நாலு மைலும் வயிற்றில் கை வைத்தபடி கிடந்தேன். அன்றுதான் புரிந்தது. பழைய அப்சோபர் ஆட்டியது. புதியது குத்தியது. ஒரு கூழாங்கல்லைக்கூட விடாமல் அப்படியே மேலே அனுப்பியது. ஸ்டியரிங் பிடித்திருப்பவனுக்கு அது ‘கெட்டியான வண்டி’. குழி வருவதை முன்பே பார்த்து அவன் உடம்பு தயாராகிவிடும். படுத்திருப்பவளுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். எனக்கு, தையல் இல்லாத வயிற்றுக்கே, வலித்தது.

சனிக்கிழமை தவுக்கேயிடம் நடந்ததைச் சொன்னேன். முதலாளி என்றாலும் எங்களோடு எண்ணெயில் புரளுகிற மனிதர். பாசார் மலாய் என்கிற சந்தைப் பேச்சில் அவர் திட்டியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“வயித்த அறுத்தவளுக்கு லோரிக்காரன் சாமானா? ஒன் பொண்டாட்டி என்ன அரிசி மூட்டையா?”

திட்டி முடித்துவிட்டு உள்ளே போய்ச் சாதாரண அப்சோபர் ஒரு ஜோடியைத் தூக்கி வந்தார். “டயர்ல காத்தையும் கொஞ்சம் கொற. செவ்வாக்கெழம நீ வராத, வீட்டுல இத மாட்டு,” என்றார்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே பலகை, அதே ஜேக். ஒன்பது நாளுக்கு முன்னால் நானே இறுக்கிய நட்டுகளை நானே கழற்றினேன். லயத்தில் போகிற வருகிறவர்கள், “புதுசா போட்டதா கெட்டுப் போச்சு?” என்று கேட்டார்கள். கெட்டது நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

4. சொன்னாள்

வியாழக்கிழமை புறப்படும் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாக்கியத்திடம் சொன்னேன்.

“இன்னைக்கு நல்லாருக்குன்னு சொல்லாத. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. எனக்குத் தெரியணும்.”

“காடியப் பத்திக் கேக்குறீங்களா, என்னப் பத்தியா?”

“ரெண்டும்தான்.”

அவள் என் உரிந்த விரல்களை ஒரு தடவை தடவிவிட்டு ஏறிப் படுத்தாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வேலை முடிந்ததும் பானெட்டை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வண்டியில் யார், எந்த இடத்தில் உட்காருவார்கள் என்று கேளுங்கள். அங்கே போய் உட்காருங்கள். முடியாதவர் என்றால் படுத்துப் பாருங்கள். நாம் கஷ்டப்பட்டதைப் பார்த்தவர்கள் நம்மிடம் உண்மை சொல்ல மாட்டார்கள். அதன் பிறகு வேலையில் இருந்த காலமெல்லாம் நான் அப்படித்தான் செய்தேன்.

அந்த வியாழக்கிழமைப் பயணத்தில் முதல் இரண்டு மைல் அவள் வாயே திறக்கவில்லை. கார் குழியில் இறங்கி மெதுவாக ஏறியது. குத்தவில்லை, குதிக்கவில்லை. ஆனாலும் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் துண்டைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றாள்.

மூன்றாவது மைலில் மழை அரித்த வாய்க்கால் ஒன்றைத் தாண்டினோம். எவ்வளவு மெதுவாக இறக்கியும் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஏறியது.

“ஏங்க.”

“என்னம்மா?”

“வலிக்குது. கொஞ்சம் நிறுத்துங்க.”

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டவள் அவள். வலிக்கிறது என்று அவள் சொல்லி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை.

“வலிக்குதுங்கிறேன், சிரிக்கிறீங்களே,” என்றாள்.

“சிரிக்கலம்மா.”

அவள் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்திருக்கும். “போலாமா?” என்று நான்தான் கேட்டேன்.

“இல்லங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்,” என்றாள்.

இருந்தோம்.