நான் வாசிக்காத மரண அறிவித்தல்

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ தெருத்தெருவாய் மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போகும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருபது வருடமாக அந்தக் குரல் என்னுடையது. மனைவியின் அறிவித்தலையும் நான்தான் வாசித்தேன். அதற்குப் பிறகு வீட்டில் கதைக்க ஆளில்லை. அந்த ஓட்டோவில் ஏறும் நாட்களில்தான் என் குரலை நானே கேட்டேன்.

போன மாரியில் காய்ச்சல் என்னைப் படுக்கையில் போட்டது. மூன்றாம் நாள் காலை மதிலுக்கு அப்பால் ஓட்டோ போனது. "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று என் குரல். அதே இழுவை, அதே கனம். மூச்சு மட்டும் எங்கும் எடுக்கவில்லை. ஆத்திரத்தில் கத்தினேன். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

எழும்பி நடக்க முடிந்ததும் அந்த ஓட்டோவை விடும் ஒலிபெருக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒளிக்கவில்லை.

"ஓம் அண்ணை, உங்கடை பழைய பதிவுகளைக் கொம்பியூட்டருக்குக் குடுத்தனான். எழுதிக் குடுத்தால் உங்கடை குரலிலை அதுவே வாசிக்குது. உங்களுக்கும் அலைச்சல், கரைச்சல் இல்லைத்தானே."

எனக்குக் கரைச்சல் இல்லையாம்!

நேரே ஒரு சட்டத்தரணியிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, வெறும் குரலுக்கெண்டு இங்கை தனிச்சட்டம் இருக்கிறதாய் எனக்குத் தெரியேல்லை. எண்டாலும் நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் ஒண்டு அனுப்பிப் பாப்பம். உங்களுக்கு என்ன நட்டம் எண்டு அதிலை எழுதவேணும்."

நட்டமா? யோசித்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை வீட்டுக்கு விட்டேன்.

முன்வீட்டு அம்மா தன் வாசற்படலையில் நின்றார்.

"என்ன அண்ணை, இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

"ஒரு கிழமையாய்க் காய்ச்சல்."

அவர் முகம் வாடிப்போனது.

"ஐயோ, ரண்டு நாளாய் உங்கடை கதவு திறக்கேல்லை எண்டு கஞ்சியும் காய்ச்சிக்கொண்டு வந்தனான். உங்கடை படலையிலை கை வைக்க, உங்கடை குரல் றோட்டாலை போச்சு. வேலைக்குப் போட்டியள், சுகமாய்த்தான் இருக்கிறியள் எண்டு திரும்பிட்டன்."

நான் சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்குள் போகவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் சட்டத்தரணியின் கந்தோருக்கே போனேன்.

"நட்டத்தை எழுதுங்கோ," என்றேன். "என்னைப் பாக்க ஒரு ஆள் வந்தது. படலையோடை திரும்பிப் போட்டுது."