பட்டியலில் இல்லாத கம்பெனி

இரண்டு வருடத்துக்கு முன்பு, திருப்போரூரிலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம் நடந்தது இது. யாரிடமும் சொன்னதில்லை.

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று சலித்துத் தரும் மென்பொருள் ஒன்றை வாங்க நினைத்து, மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் இழுத்து மூடப்பட்ட கம்பெனிகளின் பழைய விலைகளும் இருந்தன. ஆனால் சந்தா இரண்டு மடங்கு. செத்துப்போன கம்பெனியின் ஜாதகம் எனக்கெதற்கு என்று மலிவானதையே வாங்கினேன். என் விதிகளைப் பத்து வருடப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தால், தேர்ந்தெடுத்த பங்கெல்லாம் ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? விழுந்து காணாமல் போனவைதான் அதில் இல்லையே! என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. பெருமை தாங்காமல் வேன் டிரைவரிடம் காட்டினேன்.

அவர் செய்யூர் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்தமாக ஒரு வேன் எடுக்க ஏழு வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல வர்றது எதுவும் ஊத்திக்காதா சார்?" என்று கேட்டார்.

"பத்து வருஷத்துல ஒண்ணுகூட ஊத்திக்கலண்ணே, நீங்களே பாருங்க" என்றேன்.

மென்பொருள் தந்த பட்டியலில் முதலில் இருந்த கம்பெனியிலேயே சேர்த்ததையெல்லாம் போட்டுவிட்டார். நான் ஒரு ரூபாய் போடவில்லை. இன்னும் சோதித்துக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி.

வருடம் திரும்புவதற்குள் அந்தக் கம்பெனி திவால். பங்கை வாங்க ஆளே இல்லை. பிறகு சந்தையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். செய்தி வந்த மறுநாள் காலை, வேனுக்குக் காத்திருந்தபடி மென்பொருளைத் திறந்தேன். அந்தப் பெயரே அதில் இல்லை. பதறிப்போய்ப் பழைய சோதனையை மறுபடி ஓட்டினேன். முன்புபோலவே எல்லாம் லாபம் என்று வந்தது. அந்த மனிதரின் ஏழு வருட உழைப்பு போனதற்கு அதில் ஒரு கீறல்கூட இல்லை. அடப்பாவி, இதை நம்பியா அவரிடம் சொன்னோம்!

வேன் வந்தது. முன்சீட்டில் ஏறி, "அண்ணே, என்னாலதான் எல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"வுடு சார். நீ இன்னா வேணும்னேவா பண்ண? உன்னுதும் அதுலதானே பூட்ச்சு" என்றார்.

நானும் போட்டிருப்பேன் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாண்ணே" என்று வந்துவிட்டது.

இப்போதெல்லாம் சொந்த வேன் பேச்சையே அவர் எடுப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுக்கலாமென்றால், எதற்கு என்று கேட்பார். "அதையே நெனச்சிக்கினு இருக்காத சார், நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு காலம் வரும்" என்று அவர்தான் என்னைத் தேற்றுகிறார். அந்த ரெண்டு பேரில் அவர் என்னையும் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைக்கிறேன். உண்மையைச் சொல்லும் தைரியம் மட்டும் இன்றுவரை வரவில்லை.