வறுத்த மீனும் நாலு கம்பியும்

போன வாரம், கெட்டில் அடியில் படிந்திருந்த உப்பை எடுப்பதற்காக என் மனைவி அதில் வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்தாள். எங்கள் ஊர்த் தண்ணீர் எந்தப் பாத்திரத்தையும் வெள்ளையடிக்காமல் விடாது. அந்தப் புளித்த ஆவி கூடத்துக்கு வந்ததும் நான் பேப்பரை மடித்துவிட்டு, “கம்பி வெந்துடுச்சா?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா என்று விசாரித்தாள்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் நான் பேஸ் கிட்டார் வாசித்தவன். மெல்லிசைக் குழு மேடையில் பாடகர்களுக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டி ஓரமாக, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல ஒருவன் நிற்பான், பார்த்திருப்பீர்கள். அவன்தான் நான். என் அம்மா ஒருமுறை முன்வரிசையில் உட்கார்ந்து கச்சேரி முழுவதும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும், “எல்லாரும் வாசிச்சாங்க, நீ மட்டும் ஏன்டா சும்மா நின்னுகினு இருந்த?” என்று வருத்தப்பட்டார்.

யாருக்கும் கேட்காமல் வாசிப்பதில் எனக்கு ஒரு கொள்கையே இருந்தது. புதுக் கம்பி போட்டால் பேஸ் கிட்டார் பாத்திரக்கடை மாதிரி கிணுகிணுக்கும். எனக்கு அது ஆகாது. வியர்வையும் அழுக்கும் ஏறிச் செத்துப்போன கம்பிதான் வேண்டும். டோன் குமிழை முழுக்க மூடிவிடுவேன். போதாதென்று, கம்பி முடிகிற இடத்தில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைச் செருகியிருப்பேன். விரலால் தட்டினால் ‘தும்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஈர மணலில் தேங்காய் விழுந்த மாதிரி இருக்கும்.

அந்தச் சத்தம் ஒரே ஒருவனுக்குக் கேட்டது. எங்கள் டிரம்ஸ்காரன் யூசுப்புக்கு. அவன் வீட்டாருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தகரப் பெட்டி செய்து விற்கும் தொழில். பகலெல்லாம் கடையில் கேட்ட தட்டல் போதாமல்தான் இவன் டிரம்ஸுக்கு வந்தான் என்று அவனுடைய அத்தா எல்லோரிடமும் சொல்வார். டிரம்ஸ் மிதியில் அவன் கால் விழுகிற இடத்தில் என் விரல் விழும். வாசிக்கும்போது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதுகூடக் கிடையாது. மேடையில் எங்களுக்கு நடுவே இரண்டடி இருக்கும். அந்த இரண்டடிக்குள் நான் அனுபவித்த சந்தோஷத்தை வேறெங்கும் அனுபவித்ததில்லை.

குழுவை நடத்தியவர் ஒரு கீபோர்டுக்காரர். பிரெஞ்சுக்காரர் காலத்துக் குடும்பம் என்பதால் ஊரே அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசே என்றுதான் கூப்பிடும். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் முசே என்னைத் தனியாக அழைத்தார்.

“தம்பி, நீ வாசிக்கிறது எனக்கே கேக்கல. புது கீபோர்டு வருது. இடது கையிலயே பேஸ் வாசிச்சிடலாம். வேன்ல ஒரு சீட்டும் மிச்சம். வைத்திக்குப்பம் திருவிழாவுல கேக்கற மாதிரி வாசி. இல்லன்னா அதோட மெர்சி.”

முசே நன்றி சொன்னால் ஆளைக் கழற்றிவிடுகிறார் என்று அர்த்தம். புதுக் கம்பி வாங்க வழியில்லை. பழைய கம்பியை வினிகர் விட்ட தண்ணீரில் கொதிக்கவைத்தால் புதிதாகிவிடும் என்பது அன்றைய கிட்டார்காரர்களின் கைவைத்தியம். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு இட்லிக் குண்டானில் நாலு கம்பியையும் சுருட்டிப் போட்டு வேகவைத்தேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னாடா இது, இவ்ளோ கறுப்பா இடியாப்பம்?” என்றார். தெருக்கோடி மாமன் வீடு வரைக்கும் வினிகர் வாசனை எட்டியது.

திருவிழா மேடையில் முதல் பாட்டிலேயே என் பேஸ் கணீரென்று கேட்டது. ஸ்பாஞ்சையும் எடுத்துவிட்டிருந்தேன். முசே திரும்பிப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். கீழேதான் ஏதோ சரியில்லை. கடற்கரையில் அந்தக் குப்பத்து ஆட்கள் ஆட ஆரம்பித்தால் படகே நகரும் என்பார்கள். அன்றைக்கு நாலு எட்டு வைத்தார்கள், நின்றார்கள், மறுபடி வைத்தார்கள், பிறகு கைகட்டிக்கொண்டு பாட்டைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆடுகிற கூட்டம் ரசிக்க ஆரம்பித்தால் மெல்லிசைக் குழுவுக்கு அது கெட்ட சகுனம். முசேயின் சிரிப்பு மெல்ல வற்றியது.

நடுவில் விழாக்குழுவினர் பொன்னாடை போர்த்துவதற்காக மேடையை எடுத்துக்கொண்டார்கள். யூசுப் என்னைக் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

“இன்னாடா பண்ணி வெச்சிருக்க? காலை எங்க வெக்கறதுன்னே தெரியல எனக்கு.”

“முசே கேக்கற மாதிரி வாசிக்கச் சொன்னாருடா. இல்லன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாரு.”

“எனக்குக் கேட்டுகினுதானடா இருந்திச்சி?”

எங்களுக்கென்று தட்டில் வறுத்த சங்கரா மீன் கொடுத்திருந்தார்கள். நல்ல மசாலா, விரலில் எண்ணெய் வழிந்தது. நான் கை கழுவப் போனேன். யூசுப் தடுத்தான். “கழுவாத. அப்படியே கம்பியில தடவு.” தடவினேன். ஒரு வருடத்து அழுக்கு இரண்டே நிமிடத்தில் ஏறியது. அவன் தன் கைக்குட்டையை மடித்துக் கம்பிக்கு அடியில் செருகினான். தட்டிப் பார்த்தேன். ‘தும்.’

பொன்னாடைகள் முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியதும் கூட்டம் ஆடியது. மேடையின் பலகை எங்கள் காலடியில் ஏறி இறங்கியது. முசே என் பக்கம் திரும்பி, “மறுபடியும் கேக்கலியே!” என்று கத்தினார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “சரி, அப்படியே இரு” என்றார். வேனில் என் சீட்டு தப்பியது. அதன்பிறகு பல நாள் எங்கள் தெருப் பூனைகள் என் கிட்டார் உறைக்குக் காவல் இருந்தன.

யூசுப், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரீசுக்குப் பக்கத்தில் போய்க் குடியேறினான். நான் முசேயிடம் நானாகவே மெர்சி சொல்லிவிட்டு வந்தேன். அவர் இடது கையால் பேஸ் வாசித்தார். கூட்டம் ஆடத்தான் செய்தது. இப்போது முசே இல்லை, குழு இல்லை, அந்த வேனும் இல்லை.

வினிகர் வாசனை அடித்த அன்றைக்கு மாலையே பரண்மேலிருந்து கிட்டாரை இறக்கி, யூசுப்புக்கு வீடியோ கால் போட்டேன். அவன் சமையலறையில் இருந்தான். கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள் என்று, கம்பளிக் காலுறையோடு தரையில் தாளம் தட்டினான். நான் வாசித்தேன்.

“கேக்குதாடா?”

“போன்ல பேஸ் எங்கடா கேக்கும்? உன் விரலப் பாத்து தட்டிகினு இருக்கேன். நிறுத்தாத.”

நிறுத்தவில்லை. அவன் கால் அங்கே சரியாகத்தான் விழுந்திருக்கும். அது போன் வழியாக இங்கே வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு முறையும் என் விரல் அடுத்த இடத்துக்குப் போயிருந்தது.