பிரேசில் படங்களும் மாமாவின் மூன்று டிஸ்க்குகளும்

போர்த்துக்கீச மொழியில் எனக்குத் தெரிந்த சொற்கள் ஒரு கைக்குள் அடங்கும். இருந்தும் இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு வசந்த காலம் முழுக்க, ஒஸ்லோவில் திரையிடப்பட்ட பிரேசில் ஆவணப்படங்களுக்கு நோர்வேஜிய வசன வரிகளை ஓட்டியவள் நான்தான். அப்போது மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய திரைப்படக் கழகத்துக்குக் கணினி தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

வேலை எளிமையானது. படச்சுருளில் வசன வரிகள் இருக்காது. யாரோ மொழிபெயர்த்து அனுப்பிய வரிகள் என் கணினியில் எண் போட்டுக் கிடக்கும். திரையில் ஒருவர் பேசத் தொடங்கும்போது நான் விசையைத் தட்டினால் வரி திரைக்குக் கீழே தோன்றும். மொழி தெரியாதவள் எப்படிச் சரியான இடத்தில் தட்டுவாள் என்று கேட்பார்கள். மூச்சைப் பார்த்துத்தான். பேசப் போகிறவர் முதலில் மூச்சை இழுப்பார். பொய் சொல்லப் போகிறவர் கொஞ்சம் கூடுதலாக இழுப்பார். இரண்டு வாரத்தில் இது பழகிவிட்டது.

மரவள்ளி மா வறுக்கும் பெண்கள், வெள்ளம் வரும்போதெல்லாம் வீட்டுத் தரையை உயர்த்திக் கட்டும் குடும்பம், நகரத்து ஓரத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. படங்கள் நன்றாக இருந்தன. பார்வையாளர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவர்களை நான் வகை பிரித்து வைத்திருந்தேன். இருட்டிலும் கம்பளி பின்னுகிறவர்கள். மாலை வகுப்பில் சம்பா நடனம் படிப்பவர்கள். ஒரு வாரம் ரியோவில் இருந்துவிட்டு வந்து என் வசன வரிகளில் பிழை பிடிப்பவர்கள். வெளியே மழை என்பதால் உள்ளே வந்தவர்கள். கடைசி வகையினர்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்தார்கள்.

படம் முடிந்ததும் கோப்பியும் வாஃபலும் கிடைக்கும், அதற்குப் பின் கலந்துரையாடல். "ஒன்றுமே இல்லாமல் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். முடிதிருத்தும் பெண்ணுக்கு மூன்று கடைகள் இருந்தன. வாடகைக்காரன் ஒருவனோடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. படத்தில் பாதி நேரம் அவள் அவனைத்தான் திட்டினாள். அந்த வரிகளையெல்லாம் ஓட்டிய விரல் என்னுடையது. ஆனால் அவள் ஒருமுறை சிரித்தாள், அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு என் நிறத்தைப் பார்த்து யாராவது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வருவார்.

"உங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் வேலை செய்துகொண்டே பாடுவார்களா?"

"நான் இதே ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் வளர்ந்தவள். அங்கே யாரும் பாடுவதில்லை."

கழகத்தின் தலைவி கழுத்தில் பெரிய மணிமாலை போட்ட, நல்ல மனமுள்ள பெண். அரங்கில் வெளிநாட்டவர் யாரும் இல்லை என்பது அவருக்கு ஓயாத கவலை. "உன் சமூகத்தை அழைத்து வா" என்றார். சமூகத்தில் ஓய்வாக இருந்தவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் குடியிருந்தார். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வாங்கிய கோட்டும் சூட்டுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்று ஓடியது ஓர் ஊர்த்திருவிழாப் படம். நடுவில் நான் இருந்த மேசைக்குத் திரும்பி, அரங்கு முழுவதற்கும் கேட்கக் கதைத்தார்.

"பிள்ளை, இதுக்கோ பரிசு குடுத்தவை?"

"ஓம் மாமா. மெல்லக் கதையுங்கோ."

"கமரா ஆடுது. பாட்டு இல்லை. ஒரு அருவிகூட இல்லை. எங்கடை சாமத்தியவீட்டு வீடியோ இதிலும் பத்து மடங்கு திறம்."

அவர் சொன்னது முந்தைய இலையுதிர் காலத்தில் நடந்த தன் மகள் பெரியவளானதற்கு எடுத்த விழாவான சாமத்தியவீட்டைப் பற்றி. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, கூடைப்பந்து வளையத்தில் பிளாஸ்டிக் மாலை தொங்கவிட்டு, புகை இயந்திரத்துக்கு நடுவில் பல்லக்கில் அவளைக் கொண்டுவந்தார்கள். பியோர்ண்டாலில் இருந்து வந்த வீடியோக்காரர் வார நாட்களில் பேருந்து ஓட்டுபவர். அவர் அதை மூன்று டிஸ்க் ஆக்கிக் கொடுத்திருந்தார். என் மச்சாள், அதாவது மாமாவின் அந்த மகள், அதில் அருவிக்கு முன் நிற்பாள், தாமரைக்குள் இருந்து எழும்புவாள், சந்திரனில் உட்கார்ந்து கையசைப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அதைப் போடுவார். தேநீர் ஆறுவதற்குள் சந்திரன் வந்துவிடும்.

அன்று கோப்பி நேரத்தில் மாமா கோட்டுப் பைக்குள் கைவிட்டு முதல் டிஸ்க்கை எடுத்துத் தலைவியிடம் நீட்டினார். தற்செயலாகக் கொண்டுவந்தாராம்.

இரண்டு நாளில் தலைவி என்னை அழைத்தார். குரலே மாறியிருந்தது. "இது அசாதாரணமானது. அந்த மெதுவான நேரம்! திரும்பத் திரும்ப வரும் சைகைகள்!" மச்சாள் தட்டோடு நடந்துவரும் காட்சியை வீடியோக்காரர் பாட்டு முடியும்வரை நான்கு முறை ஒட்டியிருந்தார். அது அவருடைய சிக்கனம். தலைவிக்கு அது அழகியல். பிரேசில் இயக்குநர் ஒருவர் அடுத்த வாரம் விருந்தினராக வருகிறார், அவர் படத்தோடு இதையும் சேர்த்து 'அன்றாட வாழ்வுகள்' என்ற தலைப்பில் பள்ளிகளுக்குக் காலைக் காட்சி போடலாம் என்றார். ஒஸ்லோவின் கிழக்குப் பகுதிப் பள்ளிகள் எல்லாம் வருமாம்.

மாமா அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியோடுதான் இருந்தார். ரொறன்ரோவில் இருந்த சொந்தக்காரர்கள் வரை செய்தி போனது. மச்சாளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. பள்ளியில் ஆசிரியர் கொடுத்த அறிவிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. பதினான்கு வயது. நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் நின்றாள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"மச்சாள், எங்கடை வகுப்பும் வருது."

"தெரியும்."

"எல்லாரும் பாப்பினம். நான் சாமத்தியவீட்டுச் சனிக்கிழமை டென்மார்க் போனனான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"டென்மார்க்கில என்ன செய்தனியாம்?"

"பகிடி விடாதேங்கோ. அதில என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கு எண்டு தெரியும்தானே? 'மலர்ந்தாள்' எண்டு போட்டிருக்கு. நோர்ஸ்கில அதை என்னெண்டு போடுவீங்கள்?"

அந்த வரியை நோர்வேஜியத்தில் ஓட்ட வேண்டியவளும் நான்தான். அதுவரை அது எனக்கு உறைக்கவில்லை. மாமாவிடம் கதைக்கிறேன் என்றேன். கதைத்தேன். "சின்னப் பிள்ளை, வெக்கப்படுறாள், பிறகு பெருமைப்படுவாள்" என்றார். தலைவியிடம் கதைத்தேன். "தன் பண்பாட்டை எண்ணி அவள் வெட்கப்படுவது எவ்வளவு வருத்தமானது, அதனால்தான் இது காட்டப்பட வேண்டும்" என்றார். மாமாவும் தலைவியும் ஒருவரோடு ஒருவர் சேர்த்து இருபது வசனம் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த விடயத்தில் அண்ணன் தங்கை போல ஒத்துப்போனார்கள்.

இயக்குநர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், எப்போதும் மூக்கு அடைத்த, சிடுசிடுத்த பெண். அவர் படம் மீனவர் கிராமம் ஒன்றைப் பற்றியது. முன்னோட்டத்தின்போது அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். வசன வரிகளின் எண்கள் ஓரிடத்தில் தாவுகின்றன, நடுவில் ஒரு கட்டு வரிகளைக் காணவில்லை, கோப்பு பழுதா?

"பழுது இல்லை. அந்த இடத்தில் ஒரு மீனவர் அழுதார். படத்தின் மிக நல்ல பகுதி. வெட்டச் சொன்னார். வெட்டினேன்."

"ஏன்?"

"படத்தில் இருப்பவர்களுக்குத்தான் நான் முதலில் காட்டுவேன். வேண்டாம் என்றால் வேண்டாம்." பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார். "என் படத்தோடு ஒரு சிறுமியின் படம் போடப்போகிறார்களே, அவள் பார்த்துவிட்டாளா?"

"இருபது தரம் பார்த்திருப்பாள்."

"அதில்லை. அவளைக் கேட்டார்களா?"

கேட்காத படத்தோடு தன் படம் ஓடாது என்று அவர் தலைவியிடம் சொன்னார். தலைவி மணிமாலையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே நாங்கள் மூவரும் எல்லிங்ஸ்ருட் போனோம்.

மாமி றோல்ஸ், பற்றிஸ், வடை, கேக் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் வைத்தார். மாமா கோட்டோடு இருந்தார். இயக்குநர் ஆங்கிலத்தில் தன் விதியைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். பிறகு அவர் ரிமோட்டை எடுத்து மச்சாளின் கையில் கொடுத்தார்.

"வேண்டாத இடம் வந்தால் நிறுத்து."

படம் தொடங்கியது. அருவி வந்தது. இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எங்கள் அருவி! பிரேசிலின் தென் எல்லையில் இருக்கிறது!" மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியே, அவைக்கே தெரியுது" என்றார். அருவி இருந்த இடம் வீடியோக்காரரின் மென்பொருள்தான். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மச்சாள் நிறுத்தத்தை அழுத்திவிட்டாள்.

"என்ன பிள்ளை, படம் இன்னும் தொடங்கேல்லையே."

"இது வேண்டாம்."

"சரி, அருவியை வெட்டுவம். அங்காலை போ."

"அப்பா, முழுக்க வேண்டாம்."

மாமி பற்றிஸ் தட்டைத் தூக்கி, யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல் திரும்பவும் வைத்தார். மாமாவின் முகம் சிவந்தது. "நான் எடுப்பிச்ச வீடியோ. ஊர் உலகம் எல்லாம் பாத்திட்டுது. இனி என்ன?" அதை நான் மொழிபெயர்க்கவில்லை. இயக்குநரும் கேட்கவில்லை. மச்சாளைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். வைத்திருக்க விரும்பும் இடம் ஏதாவது இருக்கிறதா?

மச்சாள் கொஞ்சம் யோசித்தாள். எழும்பிப் போய் மூன்றாவது டிஸ்க்கைப் போட்டு, வேகமாக ஓட்டிக் கடைசிக்குப் போனாள். யாரும் அதுவரை பார்க்காத இடம். வந்தவர்கள் எல்லாம் அதற்கு முன்பே எழுந்து போய்விடுவார்கள். வீடியோக்காரர் கமராவை நிறுத்த மறந்து சாப்பிடப் போயிருக்கிறார். அது முக்காலியில் நின்று தன்பாட்டில் ஓடியிருக்கிறது. மேடையைக் கழற்றுகிறார்கள். மச்சாள் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலை முழுக்க நகையோடு, காலில் விளையாட்டுச் சப்பாத்தோடு, கதிரைகளை அடுக்குகிறாள். ஒரு கையில் றோல். பிறகு பந்து ஒன்று எங்கிருந்தோ வருகிறது, அவள் எட்டி உதைக்கிறாள், அது பல்லக்கில் படுகிறது. பின்னால் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டபப் பொறுப்பாளர் வருவதற்குள் பூவெல்லாம் போக வேண்டும் என்று கத்திக் கத்தி, தும்புத்தடியால் தரையைக் கூட்டுகிறார்.

இயக்குநர் சத்தமாகச் சிரித்தார். "இது" என்றார்.

மாமா எழுந்தேவிட்டார். "அதை நிப்பாட்டு! நான் தும்புத்தடியோட நிக்கிறன். ரொறன்ரோவில என்ன நினைப்பினம்?"

இதை மொழிபெயர்த்தேன். இயக்குநர் உடனே சிரிப்பை நிறுத்தினார். இவரும் படத்தில் இருப்பவர், இவர் வேண்டாம் என்றால் இதுவும் இல்லை என்றார். அப்படியானால் திரையிட ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியில் மாமா தும்புத்தடியை உயர்த்தியபடி அசையாமல் நின்றார்.

மச்சாள்தான் பேசினாள். கோபமாக இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"அப்பா, இதைப் போடலாமோ?"

மாமா மகளைப் பார்த்தார். அவரிடம் யாரும் அப்படி எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை. ஒரு வடையை எடுத்து, பாதியைக் கடித்து, மென்று முடிக்கும்வரை எங்களைக் காக்க வைத்தார்.

"போடு. வேட்டி மடிச்சுக் கட்டியிருக்கிறதை வெட்டு."

"முழுக்க அப்பிடித்தான் நிக்கிறீங்கள்."

"அப்ப முழங்காலுக்கு மேலை மட்டும் காட்டச் சொல்லு."

அன்றிரவே மாமாவை முழங்காலுக்கு மேல் மட்டும் காட்டி நான்கு நிமிடப் படம் ஒன்றை வெட்டினேன். தலைவிக்குப் பெரிய ஏமாற்றம். "இதில் சடங்கே இல்லையே. யார் வேண்டுமானாலும் மண்டபம் கூட்டலாமே" என்றார். இயக்குநர் ஓமென்று தலையாட்டிவிட்டு ஒரு மாத்திரையை விழுங்கினார்.

காலைக் காட்சியில் மச்சாளின் வகுப்பு மூன்றாம் வரிசையில் இருந்தது. பந்து பல்லக்கில் பட்டபோது அரங்கு முழுக்கக் கத்தியது. மாமா கத்தியதை "பூ! பூ! அங்கேயும் பூ!" என்று நோர்வேஜியத்தில் போட்டிருந்தேன். அதற்கும் சிரித்தார்கள். மீனவர் படத்துக்கு யாரும் கம்பளி பின்னவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் ஊசி இல்லை.

மாமாவின் காட்சிப் பெட்டியில் இப்போது அந்த நான்கு நிமிட டிஸ்க் முன்னால் நிற்கிறது. சர்வதேசப் படத்தில் நடித்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. தும்புத்தடியைப் பற்றி விருந்தாளிகளுக்கு விளக்கமும் கொடுக்கிறார். மற்ற மூன்றும் பின்னால் இருக்கின்றன. அவற்றை எறியும் அளவுக்கு அவர் மாறவில்லை, மாறவும் மாட்டார்.

ஆனால் அதற்கு அடுத்த ஆண்டுக் கோடையில் ரொறன்ரோக்காரர்களே நேரில் வந்திறங்கி, அந்தப் பெரிய வீடியோவைப் போடச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். மாமா டிஸ்க்கை எடுத்தார். அதன் உறையைத் திறந்தார். பிறகு அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பிள்ளை, இவை கேக்கினம். போடலாமோ?"

"இல்லை, அப்பா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

மாமா டிஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டு, மாமியிடம் தேநீர் கேட்டார்.